விருந்தினரை ஏற்கும் கால்நடைப் பண்ணைகள்

அமெரிக்காவின் வயோமிங், மான்டானா, கொலராடோ முதலிய மேற்கு மாநிலங்களில், வெளியூராருக்குத் தங்க இடமும் உணவும் கொடுத்து வருவாய் தேடும் கால்நடைப் பண்ணைகள் பல உண்டு. இவற்றை அந்நாட்டார் ‘டூட் ராஞ்ச்’ என்பர். நகரத்து மனிதரைக் கேலியாகக் குறித்த ‘டூட்’ என்ற சொல்லே தொழிலுக்கும் பெயராகிவிட்டது.

டகோட்டாவில் மெடோராவுக்கு அருகே பண்ணை வைத்திருந்த ஈட்டன் சகோதரர் மூவரைத் தேடி நண்பர்கள் வந்து நாட்கணக்கில் தங்கினர். உபசரிப்புச் செலவு பெருகவே, 1882-ல் பணம் பெறும் வழக்கம் தொடங்கிற்று என்பர். 1886–87 கடுங்குளிரில் அப்பகுதியெங்கும் மாடுகள் திரள்திரளாக மாண்டன. மாட்டை மட்டும் நம்பியிருந்த பண்ணைகள் பல அழிந்தன. ஈட்டன் சகோதரர்களோ 1904-ல் வயோமிங்கில் புதிய இடத்தில் இத்தொழிலைத் தொடர்ந்தனர். 1926-ல் இத்தகைய பண்ணையார்கள் தமக்கெனச் சங்கமும் அமைத்துக் கொண்டனர்.

அங்கே செல்வோர் ஹோட்டல் அறையை எதிர்பார்த்தல் கூடாது. பெரும்பாலும் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய தனிக் குடில்களே கிடைக்கும். மெத்தையும் குளியலறையும் இருக்கும். தொலைக்காட்சி பல இடங்களில் இராது. மணியோசை கேட்டதும் பொதுக் கூடத்தில் நீண்ட மேசையில் எல்லோருமாக உண்ண வேண்டும். பண்ணையாரும் உடன் அமர்வதுண்டு. மலைப் பகுதியாதலால் ஜூலை மாதத்திலும் இரவில் கம்பளி வேண்டியிருக்கும். உயரமான இடங்களில் முதல் நாள் தலைவலி வருவதும் இயல்பே.

கட்டணம் அறைக்கன்று, ஆளுக்கு. கோடையில் பெரும்பாலும் வாரக் கணக்கு. தங்கல், மூவேளை உணவு, குதிரைச் சவாரி யாவும் அதில் அடங்கும். தொகை பல இடங்களில் இரண்டாயிரம் டாலருக்கு மேற்படுவதால் மலைப்பாகத் தோன்றும். ஆனால் குதிரை, சேணம், கற்பிப்போர் இவற்றின் செலவைக் கூட்டிப் பார்த்தால் காரணம் விளங்கும். குடில் அதில் சிறு பங்கே. வந்தவரின் பழக்கத்தை அறிந்து அதற்கேற்ற குதிரையைத் தருவர். வாரம் முழுவதும் அதே குதிரைதான். சவாரி செய்வோரின் உடல் எடைக்கு வரம்பும் உண்டு. இதனை முன்னரே கேளாமற் சென்று வருந்துவோர் உளர்.

எல்லாப் பண்ணைகளும் ஒரே வகையின அல்ல. மாடு மேய்ப்பதையே முதன்மையாகக் கொண்டவற்றில் விருந்தினரும் மந்தையோடு செல்லலாம், வசதி குறைவு. உல்லாச விடுதி போன்றவற்றில் வசதி மிகுதி. சவாரிக்குத் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. வரியும், பணியாளர்க்கான அன்பளிப்பும் பெரும்பாலும் தனி. அன்பளிப்பு நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை என்பது பரவலான வழக்கம். முன்பணம் அனுப்புமுன், பயணம் தடைப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். கோடை குறுகியது, காலியாகக் கிடந்த வாரத்தைப் பண்ணையார் மீண்டும் விற்க இயலாது.