கழிப்பறை நீர்த்தொட்டிக் கசிவும் சரிசெய்தலும்

கழிப்பறை நீர்த்தொட்டிக் கசிவு என்பது, ஃபிளஷ் செய்து தொட்டி மீண்டும் நிறைந்த பிறகும் தண்ணீர் நிற்காமல் கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருக்கும் பழுதைக் குறிக்கும். இவ்வாறு வழியும் தண்ணீர் தரையில் சிந்துவதில்லை. நேராகக் கழிவுக் குழாய்க்குள் போய்விடுகிறது. அதனால், மேல்நிலைத் தொட்டி விரைவில் காலியாகி மோட்டாரை அடிக்கடி போட வேண்டிவரும்போதுதான் பலருக்கு இப்பழுது தெரியவருகிறது. பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம் சிறிய ரப்பர் உறுப்பு ஒன்று தேய்ந்திருப்பது அல்லது மிதவை சரியான உயரத்தில் இல்லாதிருப்பது ஆகும். காரணத்தைக் கண்டறிந்துவிட்டால் இவற்றில் பலவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

தொட்டியின் அமைப்பு

நீர்த்தொட்டியில் நான்கு முக்கிய உறுப்புகள் உள்ளன.

1. உள்வரும் வால்வு: குழாயிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்குள் விடுவது. மிதவையுடன் சேர்ந்த இதைப் பால் காக் என்றும் அழைப்பர்.
2. மிதவை: நீர்மட்டம் உயரும்போது தானும் உயர்ந்து, உள்வரும் வால்வை மூடுவது.
3. வெளியேற்று வால்வு: தொட்டியின் அடியில் இருப்பது. ஃபிளஷ் செய்யும்போது திறந்து, தண்ணீரைக் கோப்பைக்குள் விடுவது.
4. வழிவுக் குழாய்: மட்டம் அளவு மீறினால் கூடுதல் தண்ணீரைக் கோப்பைக்குள் அனுப்புவது. இது இல்லையெனில் தண்ணீர் தொட்டிக்கு வெளியே கொட்டும்.

தொட்டிக்கு வெளியே, சுவரை ஒட்டித் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் காக் இருக்கும்.

செயல்படும் விதம்

கைப்பிடியையோ பொத்தானையோ அழுத்தும்போது வெளியேற்று வால்வின் அடைப்பு மேலே தூக்கப்படுகிறது. தண்ணீர் முழுவதும் இறங்கியதும் அடைப்பு தன் இருக்கையில் மீண்டும் அமர்கிறது. அதன்மேல் நிற்கும் தண்ணீரின் அழுத்தமே அதை இறுக்கமாகப் பிடித்து வைக்கிறது. அதேநேரத்தில் மட்டம் தாழ்ந்ததால் மிதவையும் இறங்கி, உள்வரும் வால்வு திறக்கிறது. மட்டம் உயர உயர மிதவை எழுந்து, நெம்புகோல் போலச் செயல்பட்டு வால்வை மூடுகிறது.

ஆகவே தண்ணீர் கோப்பைக்குள் தொடர்ந்து வழிவதற்கு இரண்டு வழிகளே உள்ளன. உள்வரும் வால்வு மூடாமல், மட்டம் உயர்ந்து வழிவுக் குழாய் வழியாக இறங்கலாம். அல்லது வெளியேற்று வால்வு சரியாக அமராமல் அடியில் கசியலாம்.

பழுதைக் கண்டறிதல்

முதலில் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். பீங்கான் மூடி கனமானது, எளிதில் உடையக்கூடியது. அதைத் தரையில் துணி விரித்து வைப்பது நல்லது. பொத்தான் உள்ள தொட்டிகளில் பொத்தானின் வளையத்தை இடப்புறமாகத் திருகிக் கழற்றிய பிறகே மூடியைத் தூக்க முடியும்.

பென்சில் குறி முறை: தொட்டி நிறைந்ததும் ஆங்கிள் காக்கை மூடி, நீர்மட்டத்தை உட்சுவரில் பென்சிலால் குறிக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது மட்டம் குறிக்குக் கீழே இறங்கியிருந்தால் பழுது வெளியேற்று வால்வில் உள்ளது. மட்டம் அப்படியே இருந்தால் வெளியேற்று வால்வு சரியாக உள்ளது. உள்வரும் வால்வையும் மிதவையையும் பார்க்க வேண்டும்.

நிறமி முறை: தொட்டித் தண்ணீரில் சில துளி உணவு நிறமியைக் கலந்து, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட வேண்டும். கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கசிவையும் இது காட்டிவிடும்.

இழப்பைக் கணக்கிடுதல்

வெளியேற்று வால்வில் கசிவு இருந்தால், வீணாகும் தண்ணீரை மாணவர்களே அளந்து பார்க்கலாம். தொட்டியின் உட்புற நீளம் 36 செ.மீ., அகலம் 14 செ.மீ. எனக் கொள்வோம். 10 நிமிடத்தில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் வெளியேறிய நீரின் கன அளவு 36 × 14 × 1 = 504 கன செ.மீ., அதாவது ஏறத்தாழ அரை லிட்டர். ஒரு மணிக்கு 3 லிட்டர். ஒரு நாளைக்கு 72 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் இது ஏறக்குறைய ஐந்து குடம். 30 நாளில் 2,160 லிட்டர். குடிநீர் லாரிக்காக வரிசையில் நிற்கும் தெருவில், யாரும் பயன்படுத்தாமலேயே நாள்தோறும் ஐந்து குடம் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது என்பது இதன் பொருள்.

சரிசெய்யும் முறைகள்

மிதவையும் உள்வரும் வால்வும்

நீர்மட்டம் வழிவுக் குழாயின் வாய்க்குச் சுமார் 2.5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் மிதவையைத் தாழ்த்த வேண்டும். பித்தளைக் கம்பி உள்ள பழைய வகையில் கம்பியை மெதுவாகக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். பிளாஸ்டிக் வகையில் இதற்கெனத் திருகோ பிடிப்போ இருக்கும்.

மிதவைக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது எழாது. கழற்றி ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் குலுங்கும் ஓசை கேட்கும். அப்போது மிதவையை மாற்ற வேண்டும். மிதவை தொட்டிச் சுவரில் உரசி மாட்டிக்கொள்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மிதவையைக் கையால் மேலே தூக்கிப் பிடித்தும் தண்ணீர் நிற்கவில்லை என்றால், வால்வின் உள்ளே உள்ள வாஷர் தேய்ந்திருக்கலாம் அல்லது மணல் துகள் சிக்கியிருக்கலாம். ஆங்கிள் காக்கை மூடி, ஃபிளஷ் செய்து தொட்டியைக் காலியாக்கிய பிறகு, வால்வைத் திறந்து சுத்தம் செய்யலாம். பழைய வாஷரைக் கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் புதியது வாங்குவது நல்லது.

வெளியேற்று வால்வு

சங்கிலி உள்ள வகையில், சங்கிலி விறைப்பாக இருந்தால் அடைப்பு முழுமையாக அமராது. மிக நீளமாக இருந்தால் அடைப்பின் கீழ் சிக்கிக்கொள்ளும். சுமார் 1 செ.மீ. தளர்வு போதுமானது.

இரட்டைப் பொத்தான் வகையில், நடுவில் உள்ள தூண் போன்ற பகுதியைக் கால் சுற்று இடப்புறமாகத் திருகினால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். அதன் அடியில் உள்ள ரப்பர் வளையமே கசிவுக்கு வழக்கமான காரணம். வளையத்தையும் அது அமரும் விளிம்பையும் மென்மையான துணியால் துடைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் அங்கே வெள்ளைப் படிவு கட்டியிருக்கும். கழற்றிய உறுப்புகளை வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்தால் படிவு இளகிவிடும். வளையம் வெடித்தோ கடினமாகியோ இருந்தால் மாற்றுவதே தீர்வு.

வடிகுழாய் வகை

வளைந்த வடிகுழாய் வழியாகத் தண்ணீரை இறக்கும் தொட்டிகளில் அடி வால்வு கிடையாது. தண்ணீர் வளைவைத் தாண்டி ஏறினால்தான் வெளியேற முடியும் என்பதால் அடியில் கசிவு ஏற்படுவது அரிது. இந்த நன்மைக்காகவே பிரித்தானியாவில் 2001 தொடங்கும்வரை இவ்வகை கட்டாயமாக இருந்தது. இதில் ஃபிளஷ் செய்தபின் தண்ணீர் நிற்காமல் ஓடினால், தொட்டி மிக வேகமாக நிறைவதால் வடிகுழாய்க்குள் காற்று புகாமல் இருக்கலாம். ஆங்கிள் காக்கைச் சற்று மூடி வரத்தைக் குறைத்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

* வினிகர் அல்லது அமிலத்தைப் பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும்.
* தொட்டிக்குள் போடும் குளோரின் வில்லைகள் ரப்பர் உறுப்புகளை விரைவில் கெடுக்கும்.
* இறுகிப்போன ஆங்கிள் காக்கை வலுவாகத் திருகக் கூடாது, குழாய் முறியலாம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு வேலை செய்யலாம்.
* பீங்கானில் விரிசல் இருந்தாலோ, சுவருக்குள் பதித்த தொட்டியாக இருந்தாலோ பிளம்பரை அழைப்பதே பாதுகாப்பானது.
* உடனே சரிசெய்ய முடியாத நிலையில் ஆங்கிள் காக்கை மூடி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். அதுவரை தண்ணீர் தொடர்ந்து வீணாவதைத் தவிர்க்கலாம்.