வலைக்கு ஈயம் உருக்க எந்த அடுப்பு?

கடை ஈயம் கட்டாது என்று கரையோரக் கிராமங்களில் பலர் வலைக்கான ஈயத்தை இன்னும் வீட்டிலேயே உருக்கி வார்க்கின்றனர். விறகா, காஸா எது நல்லது என்று என்னிடம் கேட்பார்கள். செலவை நினைத்துத்தான் கேட்கிறார்கள். நான் சூட்டை வைத்துத்தான் பதில் சொல்வேன்.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். செம்புக்கு 1085 பாகை வேண்டும். ஆகவே எந்த அடுப்பிலும் ஈயத்தை உருக்கலாம். உருகியபின் சூட்டை ஓரிடத்தில் நிறுத்துவதுதான் பாடு. வார்ப்பதற்கு 350 முதல் 400 பாகை தாராளம். 500 பாகையைத் தாண்டினால் ஈய ஆவி கூடிக்கொண்டே போகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பாலை விறகு நன்றாகப் பிடித்தால் தணல் 800 பாகையைக் கடந்துவிடும். சிரட்டைக்கரியை வைத்து ஊதினால் இன்னும் மேலே. கொள்ளியை இழுத்தாலும் தணலின் சூடு உடனே குறையாது. அலுமினியம் 660 பாகையில் உருகுவதால், அலுமினியச் சட்டியை விறகடுப்பில் வைத்து ஈயம் உருக்குவது அடி கழன்று காலில் கொட்டுவதற்கு வழி. இரும்புச் சட்டிதான் வேண்டும். இன்னொன்று, சிந்திய ஈயமும் கழிவும் கலந்த அடுப்புச் சாம்பலை வழக்கம்போல முருங்கைக்கும் கத்தரிக்கும் போட்டுவிடுகிறோம்.

மண்ணெண்ணெய்க் குக்கரில் திரியைக் குறைக்கலாம் என்பது உண்மை. ஆனால் பாரமான ஈயச்சட்டி எண்ணெய்த் தாங்கிக்கு மேலே நிற்கிறது. சரிந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

என் தெரிவு காஸ். தரையோடு பதிந்து நிற்கும் ஒற்றை இரும்பு அடுப்பு, நீளமான குழாய், சிலிண்டர் தள்ளி, எல்லாம் முற்றத்தில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி. சுவாலையை ஒரு திருகலில் குறைக்கலாம் என்பதே இதன் பெறுமதி. 2022இல் காஸ் இல்லாமல் எல்லாரும் விறகுக்குத் திரும்பினோம். அப்படியான நாட்களில் சமையலை விறகுக்கு விட்டு, இருக்கும் காஸை ஈயத்துக்கு வைப்பதுதான் சரி. ஆனால் குசினியில் சமைக்கும் அதே அடுப்பில் ஈயம் உருக்கவேண்டாம். சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் மின்சார உருக்குச்சட்டி இதைவிடத் திறம். ஒரு வீட்டுக்கு அது வீண் செலவு, ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அப்படியில்லை.

வெப்பமானி இல்லாதவர்கள் ஈயத்தின் முகத்தைப் பார்க்கலாம். வழித்து எடுத்தவுடன் வெள்ளிபோல் மின்னி, மெதுவாக மங்கினால் சரி. மஞ்சள், நீலம், ஊதா என்று ஆடை விரைவாக ஓடினால் சூடு கூடிவிட்டது. நன்றாக உலர்ந்த குச்சியைத் தொட்டால் அது கருகவேண்டும், பற்றி எரியக்கூடாது.

நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு பெருக்கும். பழைய வலையிலிருந்து கழற்றிய ஈயத்தின் மடிப்புக்குள் கடல்நீர் இருக்கும். அதை உருகிய ஈயத்துக்குள் போட்டால் சட்டி முழுவதும் முகத்துக்கு எறியும். குளிர்ந்த சட்டியிலேயே எல்லாவற்றையும் போட்டு, பிறகு அடுப்பை மூட்டவேண்டும். களிமண் அச்சும் அப்படியே, காய்ந்திருக்கவேண்டும். மாரியில் இந்த வேலையே வேண்டாம்.

ஈயம் எங்கிருந்து வருகிறது என்பது அடுப்பைவிடப் பெரிய கேள்வி. காணி துப்புரவாக்கும்போது பொறுக்கிய சன்னங்களை உருக்குவோர் இருக்கிறார்கள். ஏகே சன்னத்தின் நடுவில் இருப்பது பெரும்பாலும் உருக்கு. ஈயம் அதைச் சுற்றிய மெல்லிய உறைதான். அந்தச் சொற்பத்துக்காக, வெடிக்காத ரவையையோ எரிமருந்து உள்ள சன்னத்தையோ நெருப்பில் போடும் ஆபத்தை எடுக்கிறோம். மண்ணில் பல வருடம் கிடந்து கறள் பிடித்ததில் எது வெடித்தது, எது வெடிக்கவில்லை என்று கண்ணால் பிரிக்க முடியாது. தொடாமல், இடத்தை அடையாளப்படுத்தி, பொலிஸுக்கோ மிதிவெடி அகற்றுவோருக்கோ சொல்லுங்கள்.

பழைய பற்றரியும் வேண்டாம். அதன் தகட்டில் பாதிக்குமேல் உருகாத ஈயச் சேர்வைகள். தூளாகக் கொட்டும், அசிட்டும் ஊறியிருக்கும். செனகலின் தியாரோய் சூர் மேர் பகுதியில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். பற்றரி ஈயம் கலந்த மண்ணைச் சலித்த முற்றங்களில் விளையாடிய பிள்ளைகள் அவர்கள்.

உட்கொள்ளும் ஈயத்தைச் சிறு பிள்ளைகளின் உடல் வளர்ந்தவர்களைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, படிப்பில் மந்தம் என்று வேறு நோய்போலவே தெரியும். இரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடும். ஆவியைவிட, மேலே வழித்தெடுக்கும் சாம்பல்நிறத் தூள்தான் வீட்டுக்குள் அதிகம் போகிறது. அதைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, மூடியுள்ள தகரத்தில் போடுங்கள். சட்டியிலும் கரண்டியிலும் திரும்பச் சமைக்கக்கூடாது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சாரத்தை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்தச் சாரத்தைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவேண்டாம்.