ஓரணுத் தடிப்பில் ஈலியம்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு வெப்பக் கொள்ளளவு என்றதும் கலோரிமானியும் கலக்கியும்தான் ஞாபகம் வரும். ஒரு பொருளின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த எவ்வளவு வெப்பம் வேணும் என்ற கணக்கு. அதைப் பரீட்சைக் கேள்வியாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணால் பார்க்க முடியாத பொருள் எந்த நிலையில் இருக்கிறதென்று சொல்லக்கூடிய அளவீடு அது.

காரீயத்தின் மேல் ஓர் அணுத் தடிப்பில் படிந்த ஈலியத்தை எடுத்துக்கொள்வோம். காரீயம் எங்களுக்குப் புதிதல்ல. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் வெட்டியெடுப்பதுதான். ஆய்வுகூடத்துக்கென்று அதை அமிலத்தில் ஊறவைத்து, சூடாக்கிப் பொரிபோல உப்பச் செய்து, திரும்பவும் தாளாக அழுத்துவார்கள். அப்படிச் செய்த ஒரு கிராமில் சுமார் 20 சதுர மீற்றர் பரப்பு கிடைக்கும், ஒரு அறையின் தரையளவு. இவ்வளவு பரப்பு இல்லாவிட்டால் மெல்லிய படலத்தின் வெப்பம் பாத்திரத்தின் வெப்பத்துக்குள்ளேயே காணாமல் போயிடும். பரப்பு சீராகவும் இருக்க வேணும். மேடுபள்ளமான பரப்புகளில் முந்திச் செய்த அளவீடுகள் மங்கலாகத்தான் வந்தன.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கல் பிரெட்ஸ், கிரெகரி டாஷ், ஒஸ்கார் வில்ச்செஸ் முதலானோர் 1970களின் தொடக்கத்தில் இந்தக் காரீயத் தாளில் அளந்தார்கள். அணுக்கள் ஐதாக இருந்தபோது, 4 கெல்வினை அண்டிய வெப்பநிலையில், அணுவொன்றின் வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு போல்ட்ஸ்மான் மாறிலி. சாதாரண ஈலிய வாயுவில் அது ஒன்றரை, திசைக்கு அரைவாசிப்படி. ஒன்று என்றால் அணுவுக்கு இரண்டு திசைதான். மேலே எழும்ப வழியில்லாமல் தரையோடு தரையாக ஓடித் திரியும் வாயு! நெருக்கிப் படியவைத்தால் அது திண்மமாகும். சாதாரண திண்மத்தில் தாழ்வெப்பநிலையில் வெப்பக் கொள்ளளவு வெப்பநிலையின் கனத்தோடு மாறும். இங்கே வர்க்கத்தோடு மாறியது. இதுவும் இரு பரிமாணத்தின் அடையாளம்.

என்னைக் கவர்ந்தது இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. காரீயத்தில் ஆறு காபன் அணுக்கள் வளையமாக இருக்கின்றன. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈலியம் நடுவில் இருக்கும். பக்கத்து வளையத்தில் இன்னொன்றுக்கு இடம் போதாது. மூன்றில் ஒரு வளையம்தான் நிரம்பும். எந்த மூன்றிலொன்று? சமமான மூன்று தெரிவுகள் உண்டு. குளிரில் எல்லா அணுக்களும் ஒரே தெரிவில் நிற்கும். சூடேற்றினால் சுமார் 3 கெல்வினில் அந்த ஒழுங்கு குலையும். கொடுக்கும் வெப்பம் ஒழுங்கைக் குலைக்கவே செலவாவதால் அவ்விடத்தில் வரைபில் கூரிய உச்சியொன்று எழும். மூன்று தெரிவுகள் கொண்ட ஒரு கணித மாதிரி, அந்த உச்சியின் கூர்மையைக் குறிக்கும் எண் 1/3 என்கிறது. பிரெட்ஸ் அளந்தது அதற்குக் கிட்டவே வந்தது.

திரவமாக இருக்கும்போது ஈலியம்-4, 2.17 கெல்வினுக்குக் கீழே உராய்வே இல்லாமல் ஓடும். ஈலியம்-3 அப்படி ஓடுவதற்கு ஆயிரத்தில் சில கெல்வின் அளவுக்கு இறங்க வேணும். குணத்தில் அவ்வளவு தூரம். ஆனால் காரீயத்தின் மேல் மூன்றிலொரு வளையத்தை நிரப்பிய ஈலியம்-3 இலும் உச்சி வந்தது அதே 3 கெல்வின் அளவில்தான்.