பத்துமலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

மலேசியாவில் முருகன் கோயில் உள்ள பத்துமலை, செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் இருக்கிறது. 2023 டிசம்பரில் மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு அளித்தபின், அங்குள்ள 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வருகிற கூட்டம் பெருகிவிட்டது. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கமுட்டர் ரயில் ஏறினால் கோயில் வாசலிலேயே இறங்கலாம். பூமாலை, இளநீர், இட்லி, காதில் விழும் தமிழ் என்று எல்லாம் சேர்ந்து வந்தவர்களைச் சொந்த ஊரில் இருப்பதாக எண்ண வைத்துவிடுகின்றன. அசட்டையும் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் பாடத்தைக் கோயிலுக்கு ஏறும் 272 படிகளிலேயே குரங்குகள் நடத்திவிடும். பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், ஒன்று கைப்பிடிச் சுவரிலிருந்து குதித்து வந்து பையின் அடியைக் கிழிக்கும். வாழைப்பழத்தைக் காப்பாற்றப் போய்க் கடி வாங்குகிறவர்கள் உண்டு. கடிபட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே முறை. செலாயாங் அரசு மருத்துவமனை அருகில்தான் இருக்கிறது. ஆனால் அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. பயணக் காப்பீடு எடுக்காமல் வந்தவர்கள் அதை அங்கேதான் உணர்கிறார்கள்.

குரங்கைவிட அஞ்ச வேண்டியது மோட்டார் சைக்கிள் வழிப்பறி. பின்னாலிருந்து இருவர் வருவார்கள். பின் இருக்கையில் இருப்பவனின் கை பைக்கு நீளும். பையின் வாரைக் கழுத்தில் குறுக்காக மாட்டியிருந்தால் ஆளும் சேர்ந்தே இழுபடுவார். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படித் தலையில் அடிபட்டு இறந்த பெண்கள் பலர். அதனால் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ நடக்கும்போது பை கடைகளின் பக்கம் இருக்கட்டும், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பது நல்லது. சாலையோரம் நின்று கைப்பேசியில் வழி தேட வேண்டாம். தாலிக்கொடி ஆடைக்குள் இருக்கட்டும். பையை இழுத்தால் விட்டுவிட வேண்டும். பறிபோகும் பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம்.

சுற்றுலா அனுமதியில் வந்து வேலை தேடுவோரின் கதை வேறு. ஊரில் ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வரும் இளைஞரிடம், இறங்கியதும் ஒருவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார். அப்படிப் பிறருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்பது அந்த இளைஞருக்குத் தெரியாது. செலாயாங் மொத்தச் சந்தை வட்டாரம் குடிநுழைவுத் துறை அடிக்கடி சோதனை நடத்தும் இடம். சுற்றுலா அனுமதியில் கூலி வேலை செய்து பிடிபட்டால் தடுப்பு முகாம்தான். சந்தையைச் சுற்றிப் பார்க்கப் போகிற பயணியும் அசல் பாஸ்போர்ட்டை உள்பையில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

விமான நிலையத்தில் ‘இந்தப் பொட்டலத்தை அங்கே ஒருத்தரிடம் கொடுத்துவிடுங்கள், அண்ணே’ என்று யார் கெஞ்சினாலும் மறுத்துவிட வேண்டும். மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை 2023-இல் நீங்கியது. ஆனாலும் நீதிபதி விரும்பினால் இன்றும் தூக்குத் தண்டனை விதிக்கலாம்.

எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் தடுக்க முடியாதவையும் நடக்கின்றன. 2024 ஆகஸ்ட் 23 அன்று மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென உள்வாங்கி, ஆந்திராவிலிருந்து சுற்றுலா வந்த பெண் ஒருவர் சுமார் 8 மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. உறவினர்கள் உடன் இருந்தால் உடனே தகவல் போகும். தனியாக வருகிறவர்கள், தங்கும் விடுதியின் பெயரையும் அன்றாடம் போகும் இடங்களையும் வீட்டுக்குத் தெரியப்படுத்துவது அவசியம்.

ஆபத்தென்றால் அழைக்க வேண்டிய எண் 999. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார். அந்தப் புகார் நகலோடு மோன்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகம். அங்கே அவசரப் பயணச் சான்றிதழ் வாங்கியபின் குடிநுழைவுத் துறையிடமும் அனுமதி பெற்றாக வேண்டும். வார இறுதியில் அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதால், வெள்ளிக்கிழமை தொலைத்தவர் திங்கட்கிழமை விமானத்தைப் பெரும்பாலும் தவறவிடுவார்.