கால்வாய்க் கிளையின் முடிவில் ஒரு சிறு துறைமுகம்

விளைந்த பொருள் களத்திலும், நெய்த துணி தறியருகிலும் தங்கியிருக்கும்வரை அவை செல்வமாவதில்லை. சந்தையை அடைந்த பின்னரே உழைப்புக்குப் பலன் கிட்டுகிறது. ஆகவே, உற்பத்தியைப் போலவே போக்குவரத்தும் நம் கவனத்திற்குரியதாகும். இவ்வுண்மையை விளக்க இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயரில் உள்ள கிளாசன் டாக் என்னும் சிறு துறைமுகத்தின் வரலாற்றை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

லூன் ஆற்றங்கரையிலுள்ள லங்காஸ்டர் நகரம் 18ஆம் நூற்றாண்டில் பெரும் வாணிபத் துறையாக விளங்கியது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரையும் ரம்மும் பஞ்சும் அங்கு வந்திறங்கின. அவற்றை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகள். அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் லங்காஸ்டர் வணிகர்களின் கப்பல்களும் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. அம்மக்களின் நினைவாக 2005இல் அந்நகரத் துறையருகே ஒரு சின்னம் நிறுவப்பட்டது.

ஆற்றில் வண்டல் படியப் படியப் பெரிய கப்பல்கள் நகரம்வரை வருவது அரிதாயிற்று. எனவே துறைமுக ஆணையத்தார் ஆற்றின் கழிமுகத்தருகே, கிளாசனில், கடல்நீரைக் கதவிட்டுத் தேக்கும் ஒரு கப்பல் துறையைக் கட்டி 1787இல் திறந்தனர். ஆயினும் அங்கிருந்து உள்நாட்டுக்குச் சரக்கைக் கொண்டுசெல்லத் தக்க வழி இல்லை.

1792இல் லங்காஸ்டர் கால்வாய்க்குச் சட்ட அனுமதி கிடைத்தது. ஜான் ரென்னி என்னும் பொறியாளர் அதனை அமைத்தார். பிரஸ்டனுக்கும் டூவிட்ஃபீல்டுக்கும் இடையே 40 மைலுக்கு மேற்பட்ட பகுதி 1797இல் திறக்கப்பட்டது. வடக்கே நிலக்கரியும் தெற்கே சுண்ணாம்புக் கல்லும் சென்றன. கிளாசனுக்குச் செல்லும் கிளைக்கு 1793லேயே அனுமதி கிடைத்திருந்தும், கம்பெனியிடம் போதிய பணமில்லாமையால் பணி நின்றது. 33 ஆண்டுகள் கழித்து, 1826இல்தான் அக்கிளை திறக்கப்பட்டது.

கால்கேட் என்னும் ஊரில் பிரியும் இக்கிளையின் நீளம் இரண்டரை மைல். அதற்குள் சுமார் 50 அடி இறங்கவேண்டியிருப்பதால் 6 லாக்குகள் அமைத்தனர். லாக் என்பது இரு முனையிலும் கதவுடைய தொட்டி. படகை உள்ளே விட்டு மேற்கதவை அடைத்து, மதகின் வழியே நீரை வடித்தால், படகு மெல்லக் கீழ்மட்டத்திற்கு இறங்கும். பின்னர்க் கீழ்க்கதவைத் திறந்து வெளியேறலாம். மேலே ஏற வேண்டுமாயின் தொட்டியை நிரப்ப வேண்டும். கிளையின் முடிவிலுள்ள தேக்கத்திற்கும் கப்பல் துறைக்கும் இடையே ஏழாவது லாக் உண்டு. 2002இல் வேறு இணைப்பு ஏற்படும்வரை, இக்கால்வாய்க்குக் கடலை அடைய நீர்வழி இது ஒன்றே. லங்காஸ்டரில் கால்வாய்க் கரையிலேயே பஞ்சாலைகளும் எழுந்தன.

ஆனால் 1840இல் பிரஸ்டனுக்கும் லங்காஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. கிளைக்குப் போட்டியின்றிக் கிடைத்த காலம் 14 ஆண்டுகளே. உரிய காலத்தில் மூலதனம் சேர்ந்திருந்தால் அது பன்மடங்காகியிருக்கும். 1883இல் கிளாசனுக்கே ரயில் வந்தது.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. அந்த ரயில்கிளையில் பிரயாணிகள் போக்குவரத்து 1930இலும், சரக்குப் போக்குவரத்து 1964இலும் நின்றன. தண்டவாளம் இருந்த தடம் இன்று நடைபாதை. கால்வாய்க் கிளையில் நீர் நிற்கிறது. தேக்கத்தில் உல்லாசப் படகுகள் தங்குகின்றன. கப்பல் துறைக்குச் சிறு சரக்குக் கப்பல்கள் இன்றும் வருகின்றன. கதவும் கரையும் கைவிடப்படாமல் பராமரிக்கப்பட்டமையே இதற்குக் காரணம்.

இதே லங்காஷயரில், ராச்டேல் நகரில், 1844இல் 28 பேர் சிறு பங்குகளைச் சேர்த்துக் கூட்டுறவுக் கடை திறந்ததை நம்மில் பலர் அறிவர். பெருங்கம்பெனி பணத்திற்குக் காத்துநின்ற மண்ணில், எளியோர் தவணை தவறாது செலுத்திய சிறு பணம் ஒரு இயக்கத்தையே வளர்த்தது.

நம் சங்கங்களிலும் கிடங்கு, வண்டிப்பாதை, சாயப்பட்டறை எனப் பல பணிகள் பங்குத்தொகை சேராமல் நிற்கக் காண்கிறோம். இவ்வாண்டு கட்டவேண்டியதைப் பத்தாண்டு கழித்துக் கட்டினால், அதன் பயன் வேறெவருக்கோ சென்றிருக்கும். பங்கைக் காலத்தில் செலுத்துவோம். கட்டியதைத் தூர்ந்துபோகவிடாமல் காப்போம். நெசவாளர் வாங்கும் நூலின் விலையில் பஞ்சு விளைவித்தவருக்குரிய பங்கு சேர்ந்ததா என்பதையும் கேட்போம். அந்தக் கேள்வியைக் கேளாத வாணிபம் எத்தகையது என்பதற்கு லூன் நதிக்கரையே சாட்சி.