ஜாய்ஸ்டிக்குக்கு மூன்றாவது கால்

பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கினபோது அதோடு ஒரு 15 பின் ஜாய்ஸ்டிக் வந்தது. சவுண்ட் கார்டுக்குப் பின்னால் செருகுவோமே, அந்த வகை. இன்றைக்கு அதைச் செருக எந்தக் கம்ப்யூட்டரிலும் இடம் கிடையாது. தூக்கிப்போட மனசு வரல. மேஜைமேல் இருக்கிற யூரோராக் மாடுலர் சிந்தசைசரில் மாட்டிப் பார்க்கலாமேன்னு தோணுச்சு.

புது யோசனை ஒன்றும் இல்லை. 1969-ல் லண்டனின் இஎம்எஸ் கம்பெனி கொண்டுவந்த விசிஎஸ்3 சிந்தசைசரிலேயே ஒரு ஜாய்ஸ்டிக் உண்டு. ஒரு கையால் இரண்டு விஷயத்தைச் சேர்த்து மாற்ற இதைவிட வசதியான சாமான் எனக்குத் தெரியல.

மாடுலர் சிந்தசைசரில் ஒரு மாட்யூல் இன்னொன்றுக்கு வோல்டேஜ் மூலமாகத்தான் கட்டளை கொடுக்கும். 1 வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஃபில்டருக்குக் கொடுத்தால் ஃபில்டர் திறக்கும். அப்படின்னா ஜாய்ஸ்டிக் வோல்டேஜ் கொடுக்கணும். சிக்கல் என்னன்னா, பழைய பிசி ஜாய்ஸ்டிக் வோல்டேஜே கொடுக்காது.

உள்ளே இருப்பது ரேடியோ வால்யூம் திருகில் இருக்கிற அதே பாட், 100 கிலோ ஓம். அதற்கு மூன்று கால். 1981-ல் வந்த ஐபிஎம் கேம் கார்டு அதில் இரண்டைத்தான் பயன்படுத்தியது: ஒன்று +5 வோல்ட்டுக்கு, இன்னொன்று கார்டுக்கு. கார்டில் ஒரு 558 டைமர் சிப்; பாட் வழியாக ஒரு குட்டி கெபாசிட்டர் சார்ஜ் ஆக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு புரோகிராம் எண்ணிப் பார்க்கும். ஒரு ஓரத்தில் 0.02 மில்லி செகண்ட், மறு ஓரத்தில் கிட்டத்தட்ட 1.1. ஸ்டிக் எங்கே இருக்குன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது அந்த நேரத்தை வைத்துத்தான். மலிவான, கெட்டிக்கார ஏற்பாடு.

இது தெரிந்தும் சோம்பேறித்தனமாக ஒன்று செய்தேன். 1-வது பின்னுக்கு 5 வோல்ட், 3-வது பின்னிலிருந்து நேராக ஃபில்டருக்கு. வேலை செய்தது! ஏன்னா ஃபில்டரின் உள்ளீட்டிலேயே சுமார் 100 கிலோ ஓம் இருக்கு. அதுவும் பாட்டும் சேர்ந்து வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனால் கணக்குப் போட்டால் குட்டு வெளிப்படும். என் ஸ்டிக் 10-லிருந்து 90 கிலோ ஓம் வரை போகிறது. நடுவில் 3.33 வோல்ட், ஒரு ஓரம் 4.55, மறு ஓரம் 2.63. ஒரு பக்கம் 1.2 வோல்ட் அசைவு, மறுபக்கம் வெறும் 0.7. கைக்கு இது நொண்டுவது நன்றாகவே தெரியும். அதே சிக்னலை இரண்டாவது மாட்யூலுக்கும் பிரித்துக் கொடுத்தால் நடுப்புள்ளி 2.5-க்கு இறங்கிவிடுகிறது.

தீர்வு, சும்மா கிடக்கும் மூன்றாவது கால். ஜாய்ஸ்டிக்கைத் திறந்து, இரண்டு பாட்டின் காலியான கால்களையும் ஒரே வயரில் இணைத்து -5 வோல்ட்டுக்குக் கொண்டுபோனேன். 1-வது பின் +5-லேயே இருக்கும். யூரோராக்கின் ±12 வோல்ட்டிலிருந்து இவற்றை எடுக்க 78எல்05-ம் 79எல்05-ம் போதும். இப்போது கையை விட்டால் பூஜ்யம், ஓரங்களில் ±4 வோல்ட், இரண்டு பக்கமும் சமம். சில ஜாய்ஸ்டிக்கில் பாட்டின் நடுக்கால் +5 பக்கம் போயிருக்கும். மல்டிமீட்டரால் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து டிஎல்072. ஒரு சிப்பில் இரண்டு ஆப்-ஆம்ப், இரண்டு அச்சுக்கும் கச்சிதம். வோல்டேஜ் ஃபாலோயராகப் போட்டால் எத்தனை மாட்யூல் இழுத்தாலும் பாட்டுக்குத் தெரியாது. வெளியே வரும் வழியில் 1 கிலோ ஓம் வைத்தேன், தவறான இடத்தில் செருகினாலும் சிப் பிழைக்கட்டும்னு.

பட்டன்கள் சுலபம். அவை 2, 7-வது பின்களை 4-வது பின்னோடு இணைக்கும் வெறும் சுவிட்ச். 4-ஐ கிரவுண்டுக்குப் பதில் +5-க்கு மாற்றி, பட்டன் பின்களிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போட்டால் அமுக்கும்போது 5 வோல்ட் கேட் கிடைக்கும். ஆட்டோஃபயர் உள்ள ஜாய்ஸ்டிக்கில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், உள்ளே சர்க்யூட் இருக்கும்.

கடைசியில் எதிர்பாராத தொல்லை ஒன்று: கரகரப்பு. பாட்டில் பல வருஷ அழுக்கு. விமான கேமில் இது கண்ணில் பட்டதே இல்லை, சுருதியில் வைத்தால் காது உடனே பிடித்துவிடுகிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, ஆப்-ஆம்ப் உள்ளீட்டில் 100 நானோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டதும் அடங்கியது. அந்தக் காலத்தில் கேமுக்கு முன்னால் திருகிச் சரிபார்ப்போமே, இரண்டு குட்டிச் சக்கரங்கள்? இப்போது அவற்றைச் சுருதி சேர்க்கத் திருகுகிறேன்.