கோடரியும் காலும்!

சினிமா எடுக்கும் இடத்தில், திரைக்குப் பின்னால் என்ன நடக்கும்? அதையே கதையாக்கி, 1916ல் ஒரு சிரிப்புப் படம் எடுத்தார் சார்லி சாப்ளின். 'பிஹைண்ட் த ஸ்கிரீன்' என்று பெயர். அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஊமைப்படம். அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்.

சாப்ளின் இதில் ஸ்டுடியோ எடுபிடி, பெயர் டேவிட். அவருக்கு மேலாள், மலை போன்ற கோலியாத். பைபிள் கதையில் வரும் ராட்சதனின் பெயர்தான்! நடித்தவர் எரிக் கேம்ப்பெல்.

கோலியாத் சுகமாகத் தூங்குவார். டேவிட் பத்துக்கும் மேற்பட்ட நாற்காலிகளை ஒரே நேரத்தில் உடம்பில் மாட்டிக்கொண்டு நடப்பார். கால்கள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, பார்ப்பதற்கு அசல் முள்ளம்பன்றிதான்! பாவம், களைத்துப் போய் ஒரு நிமிடம் உட்காரும்போதுதான் முதலாளி வருவார். 'சோம்பேறி' என்ற பெயர் டேவிட்டுக்கு! நம் வகுப்பறைகளிலும் இப்படி நடப்பதுண்டு, இல்லையா?

கடைசியில் ஒரே களேபரம். 'பை' பலகாரத்தை ஒருவர் மீது ஒருவர் வீசுகிறார்கள். பக்கத்தில் நடக்கும் ராஜா, ராணி படப்பிடிப்பையும் அது விட்டு வைக்கவில்லை.

இந்தப் படத்திற்காக சாப்ளின் எடுத்த ஒரு காட்சியைக் கேளுங்கள். அவர் பாட்டுக்கு நடந்து போகிறார். ஓங்கிய பெரிய கோடரி, 'சதக்' என்று அவர் பாதத்தை ஒட்டி விழுகிறது! ஒரு அங்குலம் தவறினால் விரல் போச்சு.

உண்மையில் அங்கே கோடரி விழவே இல்லை! முதலில் பாதத்தின் அருகே கோடரியைப் பதித்து வைத்துக்கொண்டார்கள். பிறகு அதை மேலே தூக்கினார்கள். சாப்ளின் பின்பக்கமாகவே நடந்தார். எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் நடித்துப் படம் பிடித்து, திருப்பி ஓட்டினால், கோடரி விழுவது போலத் தெரியும். ஆபத்தும் இல்லை, காயமும் இல்லை.

பின்னால் நடப்பது முன்னால் நடப்பது போலத் தெரிய வேண்டுமே! கை வீச்சு, தலையசைப்பு எல்லாம் இயல்பாக இருக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் பத்து அடி பின்பக்கமாக நடந்து பாருங்கள், கஷ்டம் புரியும். கோடரி மட்டும் வேண்டாம்!

இவ்வளவு பாடுபட்டும், அந்தக் காட்சியைப் படத்தில் சேர்க்கவில்லை சாப்ளின். ஒதுக்கப்பட்ட பிலிம் சுருள்கள் எப்படியோ அழியாமல் தப்பின. கெவின் பிரௌன்லோ, டேவிட் கில் இருவரும் 1983ல் எடுத்த 'அன்நோன் சாப்ளின்' என்ற ஆவணப்படத்தில், 67 ஆண்டுகள் கழித்து, அந்தக் கோடரி வித்தையை உலகமே பார்த்தது.